பிண்ணாக்கு ஊறும் நேரம்

சித்திரை பிறந்து பத்து நாள் ஆகியிருந்தது. ஒடுகத்தூர் சாலையோரத்து ஏரியில் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கிவிட்டது. நடு ஏரியில் மேடு தட்டி, மேட்டில் கொக்குகள் நின்றன. மிச்சத் தண்ணீர் மதகுப் பக்கம் ஒதுங்கிக் கிடந்தது. மழைக்குப் பிறகு ஏரியில் விட்ட கெண்டையெல்லாம் அங்கேதான் இருந்தாக வேண்டும். அவற்றுக்கு வேறு போக்கிடம் இல்லை.

சுந்தரமூர்த்தி விடிந்ததிலிருந்து மதகை ஒட்டி உட்கார்ந்திருந்தார். மயிலிறகுத் தண்டில் செய்த தக்கை அசையவில்லை.

ஆழம் குறைந்த தண்ணீரில் கெண்டை பிடிப்பதற்குத் தனி அடக்கம் வேண்டும். ஆள் நிழல் தண்ணீரில் விழக்கூடாது. கரையில் கால் அதிரக்கூடாது. ஈயம் கட்டினால் அது விழுகிற சத்தத்துக்கே கூட்டம் கலைந்துவிடும். ஆகவே ஈயம் கிடையாது, இரையின் கனமே போதும். தூண்டில் நரம்பைத் தரையோடு தரையாகப் படுக்க விட வேண்டும். முந்தின நாளே அந்த இடத்தில் இரண்டு கை இரையைத் தூவி வைத்தால், மறுநாள் காலையில் கெண்டை அங்கே வந்து சேற்றைக் கிளறும். கலங்கல் புகை மாதிரி எழும்பும். பொடிப்பொடியாகக் குமிழி வரும். குமிழி மேலேயே போடாமல் ஒரு முழம் தள்ளித் தூண்டிலைப் போட வேண்டும். பிறகு சும்மா இருக்க வேண்டும்.

இதெல்லாம் அவருக்குக் கைவந்த வேலை. குமிழியும் வந்தது. கலங்கல் தக்கைக்குப் பக்கம் வரைக்கும் வந்து, நின்று, வேறு பக்கம் நகர்ந்து போனது.

இருபதடி தள்ளி வக்கார் அகமது மூன்றாவது மீனை இழுத்துப் பையில் போட்டார். ஆம்பூரில் ஷூ கம்பெனி ஒன்றில் கட்டிங் பார்த்து ஓய்வு பெற்றவர். இரண்டு பேரும் ஒன்பது வருடமாக ஒரே கரையில் தூண்டில் போடுகிறார்கள்.

"இன்னா மூர்த்தி, தியானமா?"

"வருது பாய். மோந்து பாத்துட்டுப் போயிடுது."

"உன் பக்கத்து மீனுக்கெல்லாம் நோன்பு போல. என் பக்கம் வந்துதான் தொறக்குது."

"நீ மைதாவுல முட்டையும் ஏலக்காயும் போட்டு விருந்து வெக்கிற. பொடிசுதான் வரும் அதுக்கு."

"பொடிசோ பெருசோ, வருதுல்ல? உன்னுது பெருசுன்னு நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். கண்ணால பாத்து ஒரு மாசம் ஆவுது."

சுந்தரமூர்த்தி சிரித்தார். வக்கார் முன்பெல்லாம் பக்கத்திலேயே உட்காருவார். ஒரே பிளாஸ்கில் டீ குடிப்பார்கள். இந்த ஒரு மாதமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போயிருந்தார். காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தார். அது மீனுக்கான கணக்கு என்று சுந்தரமூர்த்தி எடுத்துக்கொண்டார்.

சுந்தரமூர்த்தியின் இரை வேறு. மல்லாட்டைப் பிண்ணாக்கை, அதாவது எண்ணெய் எடுத்த வேர்க்கடலைச் சக்கையை, இடித்துத் தூக்குப் பாத்திரத்தில் ஊறவைப்பார். அது புளித்து நுரை கட்டும்போது தவிடும் கோதுமை மாவும் ஒரு துண்டு வெல்லமும் சேர்த்துப் பிசைந்து, நெல்லிக்காய் அளவு பிடித்து முள்ளில் கோத்தால் பெரிய கெண்டை விடாது. சூட்சுமம் புளிப்பில் இருந்தது. புளிக்காத பிண்ணாக்கைக் கெண்டை சட்டை செய்யாது. மீறி அழுகியதைக் கிட்டே வந்து பார்த்துவிட்டுப் போய்விடும். இரண்டுக்கும் நடுவே நாலைந்து மணி நேரம் உண்டு. அந்த நேரத்தைப் பிடிக்க வேண்டும். நுரையைப் பார்த்துச் சொல்ல முடியாது. அழுகினாலும் நுரை இருக்கும். மூக்கால்தான் சொல்ல முடியும்.

அவருக்கு வாசனை தெரியாது. தோல் பதனிடும் டேனரியில் இருபத்தொன்பது வருடம், அதில் பாதி தோல் ஊறும் சுண்ணாம்புத் தொட்டி ஓரம். எப்போது போனது என்று நாள் குறிக்க முடியவில்லை. ஒரு நாள் மனைவி ஜோதி மல்லிப்பூ வாங்கி வந்து சாமி படத்துக்கு வைத்தாள். அவர் குனிந்து பார்த்தார். வெறும் காற்று வந்தது.

அதனால் பிண்ணாக்கின் பதம் சொல்வது ஜோதியின் வேலையாக இருந்தது. அவர் மூடியைத் திறந்து நீட்டுவார். அவள் செய்துகொண்டிருந்த வேலையை விட்டுக் குனிவாள். "இன்னும் ஆவல" என்பாள். அல்லது "ஆச்சு, கெளம்பு" என்பாள். அல்லது "மீறிடுச்சி, கொட்டு." பதினேழு வருடத்தில் ஒரு முறையும் தப்பியதில்லை.

நாறுகிறது என்று மட்டும் சொன்னதில்லை. அந்தத் தெருவில் யாரும் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை. வெளியூர் பஸ் ஊருக்குள் நுழைந்ததும் ஜன்னலோரத்தில் கைக்குட்டைகள் மூக்குக்குப் போவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். தோலில் வேலை செய்து வீடு திரும்புகிறவன் காதில் அந்தச் சொல் விழக்கூடாது. குழாயடிச் சண்டையில்கூட அது வராது.

கார்த்திகையில் மகள் சௌந்தர்யாவின் பிரசவத்துக்கென்று ஜோதி வேலூர் சத்துவாச்சாரிக்குப் போனாள். ஐந்து மாதம் ஆகிவிட்டது. பனி நாட்களில் பிண்ணாக்கு அவ்வளவு சீக்கிரம் மீறவில்லை, வெயில் ஏறிய பிறகுதான் பதம் தப்பியது.

வெயில் ஏறியதும் அவர் வண்டியை எடுத்துக்கொண்டு வீடு வந்தார். சோறு வடித்து, அடுப்பில் இருந்த சாம்பாரைச் சுடவைத்து ஊற்றிச் சாப்பிட்டார். இந்த மாதத்தில் இரண்டு தரம் வயிற்றுப்போக்கு வந்திருந்தது. வெயில்தான் என்று இருந்துவிட்டார். கை கழுவி வந்து ஜோதிக்குப் போன் போட்டார்.

"சாப்ட்டியா?" என்றாள்.

"ஆச்சு."

"இன்னா சாப்ட்ட?"

"சோறு. சாம்பார் இருந்துச்சி."

"என்னிக்கு வெச்ச சாம்பார்?"

யோசித்தார். முந்தாநாள். "நேத்து" என்றார்.

"கொட்டிடு."

"சாப்ட்டுட்டேன். கொழந்த இன்னா பண்றான்?"

"இப்பதான் தூங்கறான். மெதுவா பேசு."

"நீ எப்ப வர்ற?"

அந்தப் பக்கம் குக்கர் விசிலடித்தது. "சௌந்தர்யா அடுத்த மாசம் வேலைக்குப் போவணும்ன்றா" என்றாள்.

அவருக்குச் சொல்ல நிறைய இருந்தது. சாயந்தரமானால் வீட்டில் பாத்திரம் வைக்கிற சத்தம்கூட இல்லை. பேசாமல் பேசாமல் தொண்டை கட்டிக்கொண்டு, மறுநாள் காலையில் டீக்கடையில் முதல் வார்த்தை கரகரவென்று வருகிறது. இதையெல்லாம் எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

"பிண்ணாக்கு பதமே சேரமாட்டேங்குதுமே" என்றார். "ஒரு மாசமா ஒரு கெண்ட இல்ல. தண்ணி வேற வத்துது. நீ வந்தா..."

"மீன் புடிக்கவா என்னைக் கூப்புடுற?"

"அதுக்கில்ல."

"வேற எதுக்கு?"

"தண்ணி இன்னும் பதினஞ்சு நாளுக்குத்தான் தாங்கும்" என்றார்.

"அப்ப பதினஞ்சு நாளுக்கு ஒரு ஆள வெச்சுக்க" என்று போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் காலையில் ஏரிக்குப் போனதும் அவர் தூண்டிலை விரிக்கவில்லை. தூக்கை எடுத்துக்கொண்டு வக்கார் இருந்த இடத்துக்கு நடந்தார். வேறு யாரிடமும் இதைக் கேட்டதில்லை. கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

"பாய், இதப் பாத்து சொல்லு."

"இன்னா பாக்கணும்?"

"மோந்துதான். ஆச்சா ஆவலயான்னு. எப்பவும் ஜோதி சொல்லும்."

வக்கார் தூக்கைப் பார்த்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார். மூடியை இன்னும் திறக்கவில்லை. சுந்தரமூர்த்தி அதைக் கவனித்தார். கவனித்துக்கொண்டே மூடியைத் திறந்தார்.

"மூடு மூர்த்தி, மூடு."

"ஆவலயா?"

"ஆயி, செத்து, காரியமும் முடிஞ்சிடுச்சி."

"அப்ப நேத்து கொண்டாந்தது?"

"அதுவும்தான்."

"அதுக்கு முன்ன?"

வக்கார் இன்னொரு தூண்டிலை எடுத்து, முள்ளில் இல்லாத இரையைச் சரி செய்தார். "ஒரு மாசமாவே."

"ஒரு வார்த்த சொல்லலயே பாய்."

"எப்டி சொல்றது? நான் ஏசி ஹால்ல தோல் வெட்டுன ஆளு. நீ சுண்ணாம்புல நின்னவன். நான் போயி உங்கிட்ட அத சொன்னா அல்லாவே என்னைக் கேக்க மாட்டானா?"

தண்ணீரில் ஒரு நாரை கால் மாற்றி நின்றது. சுந்தரமூர்த்தி கேட்டார்: "தூக்கு மட்டும்தானா?"

வக்காரின் தக்கை முங்கியது. அவர் இழுக்கவில்லை.

"சட்டையையும் கொஞ்சம் பாத்துக்க."

"வேற?"

"விடு மூர்த்தி."

"சொல்லு பாய். பேஜார் ஒண்ணுமில்ல."

"வூடும். பெருநாளைக்குப் பிரியாணி கொண்டாந்தேன்ல. வாசல்லயே நின்னு குடுத்துட்டு வந்துட்டேன்."

"அவசரம்னு சொன்ன."

"ஆமா. சொன்னேன்."

சுந்தரமூர்த்தி பிண்ணாக்கைக் கரையில் குழி தோண்டிக் கொட்டி மண்ணைத் தள்ளினார். அன்றைக்குத் தூண்டில் போடவில்லை.

வீட்டில் கட்டிலுக்கு அடியிலிருந்து மூன்று பாத்திரங்கள் வந்தன. பிறகு கழுவிக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்தவை. ஒன்றில் புழு நெளிந்தது. துணிகளை எல்லாம் அள்ளி ஊறவைத்தார். போர்வையை, தலையணை உறையை, கதவு மறைப்பை. தரையைப் பினாயில் ஊற்றித் தேய்த்தார். மத்தியானத்துக்குள் கொடி நிறைந்து, மதில்மேலும் துணி காய்ந்தது. எதிர்வீட்டுப் பெண் ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு, திறந்தபடியே விட்டுப் போனாள். அந்த ஜன்னல் இத்தனை நாள் மூடிக் கிடந்தது அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது.

எல்லாம் முடித்து அறை நடுவில் நின்றார். மூச்சை இழுத்தார். போயிற்றா, போகவில்லையா? தெரியவில்லை. கேட்க ஆளில்லை. இன்னொரு வாளி தண்ணீர் பிடித்து வந்து மறுபடியும் தேய்த்தார்.

அடுத்த நாள் காலையில் பஸ் ஏறினார். தீபாவளிக்கு மருமகன் எடுத்துக் கொடுத்த சட்டை பிரிக்காமல் இருந்தது. அட்டையையும் குண்டூசிகளையும் எடுத்துவிட்டு அதைப் போட்டுக்கொண்டார். அதில் எதுவும் ஏறியிருக்காது. பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. பள்ளிகொண்டாவில் நிறையப் பேர் ஏறினார்கள். இரண்டு பேர் நின்றுகொண்டே வந்தார்கள். அவர் பக்கத்து இடம் காலியாகவே இருந்தது. அடுத்த நிறுத்தத்தில் இறங்குகிறவர்களாக இருக்கலாம். அவர்கள் வேலூர் வரைக்கும் நின்றார்கள்.

சத்துவாச்சாரியில் மகள் வீடு இரண்டாவது மாடி. ஒரு ஹால், ஒரு படுக்கையறை. சௌந்தர்யா கதவைத் திறந்தாள்.

"வாப்பா. சொல்லாம கொள்ளாம வந்துட்ட! இன்னாப்பா சட்டையெல்லாம் பளபளன்னு? பொண்ணு பாக்க வந்தியா?"

"பேரனப் பாக்க வந்தேன்."

ஹாலில் மருமகனின் தாயார் செல்லம்மாள் முழங்காலில் தைலம் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "வாங்க சம்பந்தி" என்று எழ முயன்றார், முடியவில்லை. சுந்தரமூர்த்தி குளியலறைக்குப் போய் சோப்புப் போட்டு இரண்டு தரம் கை கழுவினார். பிறகு குழந்தையை வாங்கினார். குழந்தை அவர் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்தது. யாரும் பார்க்காதபோது அதன் உச்சந்தலையில் மூக்கை வைத்துப் பார்த்தார். சூடு தெரிந்தது. அவ்வளவுதான்.

ஜோதி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "சாப்ட உக்காரு" என்றாள். முருங்கைக்காய்க் குழம்பும் முட்டையும். அவள் பரிமாறினாள். சாப்பிட்டு முடித்ததும் ஈரத்துணி வாளியைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போனாள். அவரும் போனார். கீழே நெடுஞ்சாலையில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

"ஆள் கெடைச்சுதா?" என்றாள்.

"எந்த ஆளு?"

"பதினஞ்சு நாளுக்கு வெக்கிற ஆளு."

"மீனுக்கில்லமே." அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "வூட்டுல யாரும் இல்ல. அதுக்குத்தான் கூப்ட்டேன். வாயில வேற வந்துடுச்சி."

ஜோதி ஒரு துண்டை உதறிப் போட்டாள். "தெரியும்" என்றாள்.

"வந்துடு."

"அவ வேலைக்குப் போனா கொழந்தைய யாரு பாக்கறது? சம்பந்தியம்மாவால கீழ உக்காந்தா எந்திரிக்க முடியல. பள்ளிக்கூடம் சேர்க்கற வரைக்கும் நான் இருந்துதான் ஆவணும்."

"அது மூணு வருசம் ஆவுமே."

அவள் இன்னொரு துணியை எடுத்துக் கொடியில் போட்டாள்.

"நான் வேணா இங்க வந்துடட்டா?"

"எங்க படுப்ப? ஹால்ல நானும் அந்தம்மாவும் படுக்கறோம். சிலிண்டர் பக்கத்துல படுக்கறியா?"

இரண்டு பேரும் லாரிகளைப் பார்த்தார்கள்.

"வக்கார் பாய் சொல்ட்டாரு" என்றார். "வூடு, சட்டை, எல்லாம்... நாறுதுன்னு."

துணி மாட்டிக்கொண்டிருந்த கை நின்றது. முப்பத்தொரு வருடத்தில் அந்தச் சொல் அவர்களுக்கு நடுவே வந்ததில்லை.

"அந்த வார்த்தயா சொன்னாரு?"

"இல்ல. அவரு நாசூக்காதான் சொன்னாரு." அவர் ஒரு அடி கிட்டே வந்தார். "எல்லாத்தையும் தொவச்சிட்டேன். இப்ப எப்டி இருக்குது? பாத்து சொல்லு."

தோளை அவள் பக்கம் சாய்த்து நின்றார். ஜோதி குனியவில்லை.

"எனக்கு எப்டிய்யா தெரியும்?"

"இன்னாமே சொல்ற?"

"எனக்கும் போயி பதிமூணு வருசம் ஆவுது. ஷூ கம்பெனில பேஸ்ட்டிங்ல இருந்தேன்ல, அந்தப் பசைல போயிடுச்சி. மொதல்ல மல்லி தெரியல. அப்புறம் மண்ணெண்ண தெரியல. அப்புறம் ஒண்ணும் தெரியல."

அவர் அவள் முகத்தையே பார்த்தார். "அப்ப பிண்ணாக்கு?"

"கணக்குதான். நீ எப்ப ஊற வெக்கிறன்னு கடியாரத்தப் பாத்து வெச்சுக்குவேன். மூக்கு இருந்த காலத்துல இத்தன மணி நேரம்னு மனசுல புடிச்சி வெச்சிருந்தேன். சோறு, கொழம்பு, உன் சட்ட, எல்லாமே அப்டித்தான்."

"குனிஞ்சி மோந்து பாப்பியே."

"நீ மூடியத் தொறந்துட்டு என் மூஞ்சியவே பாத்துட்டு நிப்ப. குனியாம இன்னா பண்றது?"

"சொல்லியிருக்கலாம்ல."

"ரெண்டு பேருக்கும் தெரியாதுன்னா வூட்ட எப்டி நடத்தறது? ஒருத்தருக்காவது தெரியுதுன்னு இருக்கணும்ல." வாளியில் கடைசித் துணி இருந்தது. அதை எடுத்துப் பிழிந்தாள். "சௌந்தர்யாவுக்கு மூக்கு நல்லா இருக்குது. உன்னப் பாத்து ஒண்ணும் சொல்லலல்ல? அப்ப ஒண்ணுமில்ல."

உள்ளே குழந்தை அழுதது. அவள் வாளியை வைத்துவிட்டுப் போனாள்.

வெயில் தாழ்ந்ததும் அவர் கிளம்பினார். ஜோதி குழந்தையை மகளிடம் கொடுத்துவிட்டுச் செருப்பை மாட்டினாள். பஸ் நிறுத்தம் வரைக்கும் அவர் பின்னாலேயே வந்தாள். கையில் பை எதுவும் இல்லை. அவர் அதை மாடிப்படியிலேயே பார்த்துவிட்டார். இருந்தாலும் தெருமுனையில் இன்னொரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

நிறுத்தத்தில் நிழல் இல்லை. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு அவள் சொன்னாள்:

"சோறு ஒரு வேளைக்கு மட்டும் வடி. கொழம்பு காத்தால வெச்சா ராத்திரியோட சரி. பால் வாங்கி வெக்காத, டீ கடைல குடிச்சிக்க. சட்ட ஒரு நாளைக்கு மேல வேணாம். போர்வய ஞாயித்துக்கெழம தொவச்சிடு. கேஸ கீழ சிலிண்டர்லயும் சேத்து மூடு. கெட்டுச்சா கெடலயான்னு நின்னு யோசிக்காத. நேரம் ஆயிடுச்சின்னா கொட்டிடு."

"ம்."

"பிண்ணாக்கு" என்று சொல்லி நிறுத்தினாள். ஒரு லாரி போகட்டும் என்று காத்திருந்தாள். "இப்ப அடிக்கிற வெயிலுக்கு இருபத்தி நாலு மணி நேரம். காத்தால ஆறுக்கு வெச்சா மறுநா காத்தால ஆறு. கத்திரி பொறந்துச்சின்னா இருபது. காத்தால பத்து மணிக்கு ஊற வை. அதுக்கு மேல அஞ்சு மணி நேரம் தாங்கும். திருப்பிச் சொல்லு."

"இப்ப இருபத்தி நாலு. கத்திரிக்கு இருபது. அதுக்கு மேல அஞ்சு."

"ஊற வெக்கும்போது கடியாரத்தப் பாரு. அத மட்டும் மறந்துடாத."

"மறக்கல."

திரும்பி வருகிற எண்ணம் இருந்தால் இதையெல்லாம் கொடுத்தனுப்ப மாட்டாள். அவர் சாலையைப் பார்த்தார். பஸ் வந்துகொண்டிருந்தது.

ஏறி ஜன்னலோரமாக உட்கார்ந்தார். ஜோதி கீழே வந்து நின்றாள். வேர்வையில் புதுச் சட்டை அவர் முதுகில் ஒட்டியிருந்தது. மழைக் காலத்துக் கணக்கை அவள் சொல்லவில்லை. ஏரி நிரம்பி, வெயிலே இல்லாத நாட்களில் பிண்ணாக்கு மெதுவாகத்தான் புளிக்கும். அந்த நாட்களில் "இன்னும் ஆவல, இன்னும் ஆவல" என்று அவள் இரண்டு மூன்று தரம் திருப்பி அனுப்புவாள். அதற்கு எத்தனை மணி நேரம் என்று கேட்க அவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார்.

"இன்னா?" என்றாள் ஜோதி.

"ஒண்ணுமில்ல" என்றார். "போய்ட்டு போன் பண்றேன்."

பஸ் நகர்ந்தது. மழைக்கு இன்னும் ஐந்து மாதம் இருந்தது.